இக்பால் சுவர்

ஜெஸ்வினுக்கு ஒரு வியாதி உண்டு. ஒரே வீடியோ கேமை வெவ்வேறு மிஷின்களில் ஆடிப் பார்த்து, எதில் என்ன வித்தியாசம் என்று கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு தேடி, அதை வீடியோவாக்கி ஊருக்குச் சொல்வது. வியாதி என்று பெயர் வைத்தது அவன் மனைவி ஷர்லி. அவள் திருவரங்குளம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ் என்பதால் வீட்டில் அந்தச் சொல்லுக்கு அப்பீல் கிடையாது.

நாற்பத்திரண்டு வயது ஆளுக்கு. மேல்நிலைப் பள்ளியில் கம்ப்யூட்டர் வாத்தியார். வாரத்தில் ஐந்து நாள் ஒழுங்கான மனிதன்தான். சனிக்கிழமை காலையில் இட்லி தின்று கை கழுவிய ஈரம் காய்வதற்குள் பின்னறைக்குள் புகுந்துகொள்வான். அங்கே ஒரு பழைய பெட்டி டிவி. அதைச் சுற்றிலும் கேசட் போடுகிற மிஷின், சிடி போடுகிற மிஷின், கையில் வைத்து ஆடுகிற மிஷின். தரை முழுக்க வயர். கூட்டிப் பெருக்க ஷர்லி அந்தப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டாள்.

ஆடுவது ஒரே கேம். ஸ்டோன்கேட் என்று பெயர். தொண்ணூறுகளின் நடுவில் வந்தது. பூமிக்கு அடியில் ஒரு கோட்டை. திரையில் நம் கையும் துப்பாக்கியும் மட்டும் தெரியும். கல் பூதங்கள் எதிரே வரும், அவற்றைச் சுட்டுக்கொண்டே சாவி தேடி வெளியேற வேண்டும். முதலில் கம்ப்யூட்டருக்கு வந்த கேமை, பிறகு ஒவ்வொரு மிஷினுக்கும் தக்கபடி வெட்டியும் ஒட்டியும் விட்டார்கள். அந்த வெட்டும் ஒட்டும்தான் ஜெஸ்வினுக்குத் தீனி. கேசட் மிஷினில் பூதங்களுக்கு முதுகே கிடையாது. சுற்றிக்கொண்டு பின்னால் போய் நின்றாலும் நம்மையே முறைத்துக்கொண்டிருக்கும். கேசட்டில் இடம் பத்தவில்லை என்று முதுகுப் படங்களையெல்லாம் தூக்கிவிட்டார்கள். கூடவே ஏழு லெவலைத் தூக்கிவிட்டார்கள். இன்னொரு மிஷினில் தரையும் கூரையும் வெறும் பழுப்பு, பூச்சு வேலை முடியாத வீடு மாதிரி. மூன்றாவதில் பாட்டு அமர்க்களம், ஆனால் நாலு பூதம் சேர்ந்து வந்தால் படம் தள்ளாடும்.

ஒரே லெவல், ஒரே இடம், கையில் ஸ்டாப்வாட்ச் என்று ஒப்பிட்டு, ஆறு மிஷினுக்கு ஆறு வீடியோ போட்டிருந்தான். பார்த்தவர்கள் கூட்டம் என்று சொல்ல முடியாது. ஆனால் பார்த்தவர்கள் எல்லோருக்கும் பிடித்த இடம் ஒன்று உண்டு. அது ஒவ்வொரு வீடியோவின் கடைசியிலும் வரும். அதற்கு ஜெஸ்வின் வைத்த பெயர் ‘இக்பால் சுவர்’.

ஐந்தாவது லெவலில் ஒரு பம்பு அறை இருக்கிறது. அதன் மூலையில் விளக்கு உடைந்த ஒரு சுவர். ஜெஸ்வின் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டி நிற்பான். “எங்க கூட ஹாஸ்டல்ல படிச்ச மீமிசல் இக்பால் என்ன சொன்னான்? இந்தச் சுவத்துக்கு முதுகு காட்டி நின்னு பத்து எண்ணுனா, பின்னாடி ஒரு ரூம் தொறக்கும்னான். எண்ணுவோமா?” என்று ஒன்றிலிருந்து பத்து வரை இழுத்து இழுத்து எண்ணுவான். திரும்புவான். சுவர் சுவராகவே இருக்கும். “இல்லை!” என்று கையை விரிப்பான். கீழே கமெண்டில் எல்லோரும் சிரிப்பார்கள். ‘இக்பால் பாய், ரூம் எங்கே?’ என்று கேட்பது அங்கே ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது.

அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒன்று இருந்தது. ஒவ்வொரு மிஷினிலும் பத்து எண்ணும்போது, திறந்துவிடக் கூடாதே என்று ஜெஸ்வின் உள்ளுக்குள் வேண்டிக்கொள்வான். திரும்பிச் சுவரைப் பார்த்ததும்தான் மூச்சு வரும். எங்கேயாவது ஒரு மிஷினில் அந்த அறை இருந்து தொலைத்தால், இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் அவன் ஒரு நல்ல பையனைப் பொய்யனாக்கிவிட்டான் என்று அர்த்தம்.

அது தொண்ணூற்றேழு. புதுக்கோட்டையில் பாதிரியார்கள் நடத்திய ஒரு பள்ளிக்கூடத்து ஹாஸ்டல். ஆவூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவப் பிள்ளைகள்தான் அங்கே பாதிப் பேர். ஒன்பதாம் வகுப்பில் ஜெஸ்வின் ராஜா மாதிரி இருந்தான். காரணம், சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா கொண்டுவந்து கொடுத்த கேசட் மிஷினும் ஸ்டோன்கேட்டும் அவன் வீட்டில் இருந்தன. லீவுக்கு ஊருக்குப் போய் ஆடிவிட்டு வந்து அவன் கதை சொன்னால், இருபது பேர் வாயைப் பிளந்துகொண்டு சுற்றி உட்காருவார்கள்.

அந்த வருஷம் புதிதாக வந்து சேர்ந்தவன் இக்பால். மீமிசலில் வீடு. அவனுடைய வாப்பா அப்துல் மஜீது சார்ஜாவில் வேலை பார்த்தார். ஒரு நாள் கூட்டத்தின் ஓரத்திலிருந்து இக்பால் சாதாரணமாகக் கேட்டான்.

“எங்க வீட்லயும் இருக்குடா அந்த கேமு. வாப்பா கொண்டாந்த சிடி மிஷினு. ஒன்னோடதுல மழை பெய்யுமா?”

பூமிக்கு அடியில் என்ன மழை என்று எல்லோரும் சிரித்தார்கள். இக்பால் விவரமாகச் சொன்னான். பம்பு அறையில் ஒரு சுவர், முதுகு காட்டி நின்று பத்து எண்ண வேண்டும், பின்னால் திறக்கும், உள்ளே கூரையே இல்லாத ஓர் அறை, மேலே வானம், மழை கொட்டிக்கொண்டே இருக்கும், ஒரு பூதம் கூட வராது. ஜெஸ்வின் அடுத்த லீவில் தன் மிஷினில் பார்த்தான். இல்லை. திரும்பி வந்ததும் வழக்கு சூடு பிடித்தது.

ஆவூர்ப் பிள்ளைகளுக்கு வழக்குத் தீர்க்க ஒரு வழி உண்டு. ஹாஸ்டல் மைதானத்து மூலையில் மாதா கெபி, குகை மாதிரி கட்டிச் சிலை வைத்தது. அதைத் தொட்டுச் சத்தியம் பண்ண வேண்டும். பென்சில் திருட்டிலிருந்து கிரிக்கெட் அவுட் வரை எல்லாமே அங்கேதான் முடியும். தொட்டவன் சொன்னது உண்மை. தொட மாட்டேன் என்றவன் பொய்யன். இக்பாலையும் அங்கே கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினார்கள்.

“நான் தொட மாட்டேன்டா. நாங்க அல்லா மேல மட்டும்தான் சத்தியம் பண்ணலாம். ஒரு கேமுக்காக அல்லாவ இழுக்கக் கூடாது, வாப்பா ஏசுவாங்க” என்றான் இக்பால்.

இருபது பேர் காதிலும் ‘மாட்டேன்’ மட்டும்தான் விழுந்தது. அவர்களுக்குத் தெரிந்த சட்டத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். அன்றைக்கு விழுந்த ‘புருடா’ என்ற பெயர், பத்தாம் வகுப்பு முடித்து டி.சி. வாங்கிப் போகிற வரைக்கும் இக்பாலை விடவில்லை. அவன் கணக்கில் நூறு வாங்கினால் கூட, புருடா நூறு என்றார்கள். கடைசி ஒரு வருஷம் அவன் யாரிடமும் எதையும் சொல்வதில்லை. பேச்சே குறைந்து போயிற்று.

ஆறு வீடியோவோடு ஒப்பீடு முடிந்தது என்றுதான் ஜெஸ்வின் நினைத்திருந்தான். ஆறாவது, சிடி போடுகிற மிஷின். இக்பால் வீட்டில் இருந்ததும் அதே மாதிரி மிஷின்தான். அதிலும் சுவர் திறக்கவில்லை என்றானதும் ஜெஸ்வின் அன்றைக்கு ஒரு கிலோ கறி எடுத்துக்கொண்டு வந்தான். எதற்கென்று ஷர்லிக்குப் புரியவில்லை.

பிறகுதான் காரைக்காலிலிருந்து ஒருவர் எழுதினார். ‘சார், நீங்க ஆடினது அமெரிக்கா டிஸ்க். கல்ஃப்ல வித்தது வேற. அங்கிட்டு டிவி வேற மாதிரிங்கறதால கேம் கொஞ்சம் மெதுவா ஓடும். வந்ததும் ஒரு வருசம் கழிச்சு, கொஞ்சம் மாத்தித்தான். என்கிட்ட மிஷினோட இருக்கு, அனுப்பவா?’ வேண்டாம் என்று சொல்ல ஜெஸ்வினுக்கு ஒரு சாக்கும் கிடைக்கவில்லை.

கூரியர் வந்த சனிக்கிழமை காலையில் மிஷினை மாட்டினான். ரெக்கார்டிங்கைப் போட்டான். அவர் சொன்னது சரி. மேலேயும் கீழேயும் கறுப்புப் பட்டை, நடை ஒரு சுற்று மந்தம், பாட்டு கூடத் தொண்டை கட்டியது போல் இறங்கி ஒலித்தது. “மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஆடுற மாதிரி இருக்கு” என்று மைக்கில் நக்கலடித்தான். ஐந்தாவது லெவலுக்குப் போனான். பம்பு அறை. சுவருக்கு முதுகு.

“ஒண்ணு... ரெண்டு... மூணு...”

எட்டு என்றபோதே பின்னால் சத்தம் கேட்டது. சடசடவென்று, தகரக் கொட்டகையில் விழுவது மாதிரி. எண்ணிக்கையை விட்டான். கட்டை விரலை மெல்ல அழுத்தித் திரும்பினான். சுவர் இருந்த இடத்தில் வழி. உள்ளே கூரை இல்லை. சாம்பல் நிறத்தில் வானம். மழை.

அவன் ரெக்கார்டிங்கை நிறுத்தினான். அந்த மழைக்குள் போய் நின்றுகொண்டு, கண்ட்ரோலரைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தான். அழகாக இருந்தது என்பதுதான் அவனை ரொம்பப் படுத்தியது.

காய்ந்த துணியை எடுத்துக்கொண்டு வந்த ஷர்லி வாசலில் நின்றாள். “என்னங்க, கேம்ல மழை பெய்யுது?”

“இக்பால் சொன்ன ரூமு.”

ஷர்லி துணியைக் கட்டிலில் போட்டாள். “அப்ப அந்த மனுசன் பொய் சொல்லலையா?”

“இல்ல. அவங்க வீட்டு டிஸ்க்ல இருந்திருக்கு. எங்க கேசட்ல இல்ல. அம்புட்டுத்தான்.”

“அம்புட்டுத்தானா? ஆறு வீடியோல அவரு பேரச் சொல்லிச் சிரிச்சிருக்கீங்க.”

“அடுத்த வீடியோல சாரி சொல்லிடறேன்.”

“தெருவுல வச்சு ஒருத்தர அடிச்சிட்டு, போஸ்ட்கார்டுல மன்னிப்புக் கேப்பீங்களா? நேர்ல போயிட்டு வாங்க” என்று சொல்லிவிட்டு ஷர்லி துணி மடிக்க உட்கார்ந்துவிட்டாள். அவள் துணி மடிக்க உட்கார்ந்தால் பேச்சு முடிந்தது என்று பொருள்.

கூடப் படித்த அமல்ராஜிடம் விசாரித்தான். “புருடாவா? மீமிசல்ல வலைக்கடை வச்சிருக்கான்டா. நம்ம வாட்ஸப் குரூப்ல சேத்தேன், அன்னிக்கே வெளிய போயிட்டான்” என்றான் அமல்ராஜ். நம்பரும் கொடுத்தான். ஜெஸ்வின் போன் பண்ணவில்லை. போனில் இக்பால் ‘ஹலோ’ என்று சொன்னால் அதற்கு மேல் என்ன பேசுவது என்று அவனுக்குத் தெரியவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, முதல் பூசை முடிந்ததும் மிஷினைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினான். புதுக்கோட்டை போய், அறந்தாங்கி போய், மீமிசல் பஸ் பிடித்தான். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனசுக்குள் ஒத்திகை பார்த்தான். ‘வேற நாட்டு டிஸ்குடா. ரெண்டும் வேற வேறன்னு அந்த வயசுல நமக்கு எப்படித் தெரியும்?’ கேட்க நன்றாகத்தான் இருந்தது. யார் மேலும் தப்பில்லாமல் வழுக்கிக்கொண்டு போகிற வாக்கியம். பஸ் இறங்குகிற வரையில் அதை நாலைந்து தடவை மெருகேற்றிக்கொண்டான்.

இக்பாலின் கடை மெயின் ரோட்டிலேயே இருந்தது. வாசலில் பச்சையும் நீலமுமாக நைலான் வலைகள் தொங்கின. உள்ளே தாடி நரைத்த ஒருவர் கயிற்றைக் கைமுழம் போட்டு அளந்துகொண்டிருந்தார். அந்தத் தாடிக்குள் ஒன்பதாம் வகுப்பு முகத்தைக் கண்டுபிடிக்க ஜெஸ்வினுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. இக்பாலுக்கு அவ்வளவு நேரம் தேவைப்படவில்லை.

“ஜெஸ்வின்தானே. வாங்க, ஒக்காருங்க.”

‘டா’ இல்லை. ‘ங்க’ இருந்தது. ஜெஸ்வின் ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்தான்.

“எப்படித் தெரிஞ்சிச்சு?”

“ஒங்க வீடியோ பாத்திருக்கேன்.”

இக்பால் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, கோபமே இல்லாமல் சொன்னான். “எம் பொண்ணு ஹஃப்சா, காலேஜ்ல படிக்குது. அதுதான் காட்டுச்சு. மீமிசல் இக்பால்னு சொல்றாங்களே, இது நீங்களா வாப்பான்னு கேட்டுச்சு. ஆமாம்மா, சின்ன வயசுல பெருமைக்கு ஒரு பொய் சொன்னேன், அதான்னு சொன்னேன்.”

“பொய் சொன்னேன்னா சொன்னே?” என்றான் ஜெஸ்வின். “அது பொய் இல்லையேடா.”

“இல்லையா?”

அந்தக் கேள்வியில் குத்தல் எதுவும் இல்லை. அவன் நிஜமாகவே கேட்டான். அதுதான் ஜெஸ்வினால் தாங்க முடியாததாக இருந்தது.

“அந்த வருசமே மிஷின் உப்புக் காத்துல துரு ஏறிப் போயிருச்சு” என்றான் இக்பால். “திரும்பப் போட்டுப் பாக்க வழியில்ல. இருவது பேரு சேந்து இல்ல இல்லன்னு சொன்னா, ஒரு கட்டத்துல நமக்கே சந்தேகம் வந்துருதுல்ல. கனவுல கண்டிருப்போம்னு நெனச்சேன். அப்புறம், பொய்தான் சொல்லியிருக்கோம்னு நானே முடிவு பண்ணிட்டேன். அப்படி வச்சுக்கிட்டா கொஞ்சம் நிம்மதியா இருந்துச்சு.”

ஜெஸ்வின் பையைத் திறந்து மிஷினை எடுத்து மேஜையில் வைத்தான். இக்பால் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து கடையின் ஷட்டரைப் பாதி இறக்கினான்.

வீடு கடைக்குப் பின்னாலேயே இருந்தது. ஹாலில் ஹஃப்சா லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். “ஒக்காருங்க அங்கிள்” என்று மரியாதையாகச் சொன்னாள். ஆனால் வந்திருப்பது யாரென்று தெரிந்த முகம் அது, சிரிப்பில்லை. ஜெஸ்வின் டிவிக்குப் பின்னால் கையை விட்டு வயரை மாட்டினான். கண்ட்ரோலரை இக்பாலிடம் நீட்டினான்.

முதல் லெவலில் இக்பால் தடுமாறினான். இரண்டாவதில் விரல்களுக்கு நினைவு வந்துவிட்டது. ஐந்தாவதை எட்டும்போது யாரும் வழி சொல்லத் தேவையிருக்கவில்லை. பம்பு அறைக்கு நேராகப் போனான். உடைந்த விளக்குச் சுவருக்கு முதுகு காட்டி நின்றான். வாய் விட்டு எண்ணவில்லை.

பின்னால் மழைச் சத்தம் கேட்டது.

இக்பால் திரும்பவில்லை. கண்ட்ரோலரை இறுக்கிப் பிடித்தபடி சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தான்.

“திரும்புடா” என்றான் ஜெஸ்வின்.

“இரு.”

ரொம்ப நேரம் கழித்துத் திரும்பினான். வானமும் மழையும் அவன் சொன்னபடியே இருந்தன. ஒரு பூதம் கூட இல்லை. இக்பாலுக்குக் கண் நிறைந்துவிட்டது, அதை அவன் மறைக்கவும் இல்லை. “பாத்தியாம்மா” என்றான் மகளிடம். “இருந்திருக்கு.”

ஹஃப்சா அவன் தோளில் கை வைத்துக்கொண்டாள். ஜெஸ்வின் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வாக்கியத்தை எடுத்தான். “வேற நாட்டு டிஸ்குடா. ரெண்டும் வேற வேறன்னு அந்த வயசுல நமக்கு எப்படி...”

“அத விடு” என்றான் இக்பால். “ஒண்ணு கேக்கவா? அன்னிக்கு நான் கூப்பிட்டேனே, நீ ஏன் வரலே?”

இந்த ஒரு விஷயத்தை ஜெஸ்வின் ஷர்லியிடம் சொன்னதில்லை. எந்த வீடியோவிலும் சொன்னதில்லை. கெபிக்கு முன்னால் நடந்த அந்த வழக்கன்று சாயங்காலம், குழாயடியில் தட்டுக் கழுவும்போது, இக்பால் அவனிடம் மட்டும் தனியாக வந்து பேசினான். ‘காலாண்டு லீவுக்கு எங்க வீட்டுக்கு வாடா. நீயே ஆடிப் பாரு. இல்லேன்னா நான் பொய் சொன்னேன்னு எல்லார்கிட்டயும் நானே சொல்லிடறேன். எங்க உம்மா மீன் ஆக்கித் தரும்.’ எங்க அப்பா விட மாட்டாரு என்று ஜெஸ்வின் சொன்னான். அவனுடைய அப்பா சூசைமாணிக்கம் யாரையும் எங்கேயும் போகாதே என்று சொல்கிற மனிதர் இல்லை.

“அப்பா விடலேன்னு சொன்னே” என்றான் இக்பால்.

“அப்பாகிட்ட நான் கேக்கவே இல்லடா.”

இருவரும் ஜெஸ்வினையே பார்த்தார்கள். டிவியில் மழை பெய்துகொண்டிருந்தது. அவனுக்கு அவமானமாக இருந்தது. ஆனால் இனிமேல் இதை மறைத்து வைத்துக்கொண்டு புதுக்கோட்டை பஸ் ஏறுவது அதைவிடக் கேவலம் என்றும் தோன்றியது.

“வந்து பாத்தா இருந்துரும்னு தெரியும்” என்றான். “நீ சொன்ன விதத்துலயே தெரிஞ்சுபோச்சு. புருடா விடுறவன் பெரிய துப்பாக்கி இருக்கு, பத்துத் தலை பூதம் இருக்குன்னுதான் சொல்வான். சண்டையே இல்லாம சும்மா மழை மட்டும் பெய்யற ஒரு ரூம எவன்டா இட்டுக் கட்டிச் சொல்வான்? ஒன்னோடது முழுசா இருக்கு, என்னோடதுல வெட்டிட்டாங்கன்னு ஆயிட்டா, அப்புறம் என்கிட்ட யாரு கதை கேப்பா? அந்தப் பயம்தான்.”

இக்பால் கண்ட்ரோலரைத் தரையில் வைத்தான். ஹஃப்சாதான் பேசினாள்.

“அங்கிள், அடுத்த வீடியோல அந்த ரூமு வேற டிஸ்க்ல இருக்குன்னு மட்டும் சொல்வீங்களா? இல்ல, இதையும் சொல்வீங்களா?”

நல்ல கேள்விதான். டிஸ்க் வேறு என்று மட்டும் சொன்னால் யாரும் அவனைக் குறை சொல்லப்போவதில்லை. தப்பை ஒப்புக்கொண்ட பெருந்தன்மைக்காகக் கமெண்டில் நாலு பேர் பாராட்டக் கூடச் செய்வார்கள்.

“போன எடும்மா” என்றான் ஜெஸ்வின்.

ஹஃப்சா போனை நேராகப் பிடித்தாள். மழை பெய்கிற டிவிக்கு முன்னால் அவன் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். வழக்கமாகச் சொல்கிற வணக்கத்தை ஆரம்பித்தான், பாதியில் நிறுத்தினான்.

“இக்பால் சொன்ன ரூமு இருக்கு” என்றான். “இருக்கும்னு எனக்கு ஒம்பதாங் கிளாஸ்லயே தெரியும்.”